நீர்க்கடுப்பு வந்தால் இளநீரோடு நிறுத்திவிடாதீர்கள்

பாலர் பள்ளி ஆசிரியையால் நினைத்த நேரத்தில் கழிவறைக்குப் போக முடியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வர வேண்டும். அதனால் வேலை நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். ஒரு மதியம் எரிச்சல் தொடங்கியது. அம்மாவிடம் சொன்னேன். "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்றார். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கி மூன்று நாள் குடித்தேன். நான்காம் நாள் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது.

இது சூடு இல்லை. பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா செய்கிற வேலை. பெண்களின் சிறுநீர் வடிகுழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான், ஆசனவாய்க்கும் பக்கம். கிருமி எளிதில் ஏறிவிடும். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

எரிச்சல், அடிக்கடி முட்டுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்று வலி இருந்தால் தள்ளிப்போடாமல் கிளினிக்குக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ போங்கள். வெள்ளைப்படுதலும் அரிப்பும்தான் அதிகம் என்றால் அது வேறு தொற்றாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். சிறுநீர் மாதிரி கேட்டால் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது.

மருத்துவரிடம் மூன்று விஷயம் மறக்காமல் சொல்லுங்கள்: மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உண்டா. நீர்க்கடுப்புக்கு அடிக்கடி தரப்படும் நைட்ரோஃபுரான்டாயின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, அந்தக் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரியாது என்றால் அதையே சொல்லுங்கள், போதும். எரிச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் யூரல் பொடி எரிச்சலை ஆற்றும், கிருமியைக் கொல்லாது. சில மருந்துகளோடு சேரவும் சேராது, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

காய்ச்சல், நடுக்கம், வாந்தி, விலாப்பக்க வலி இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறதா? அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியானது. உறவுக்குப் பின் சிறுநீர் கழியுங்கள். விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறை வேண்டாம், அது நல்ல கிருமிகளையும் அழிக்கும். உள்ளே சோப்பு போட்டுக் கழுவவும் வேண்டாம். ஆறு மாதத்தில் இரண்டு முறை வந்தால் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சிறுநீரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், அடக்கி வைக்காதீர்கள். இப்போது காலை பத்து மணிக்கும் மதியத் தூக்க நேரத்திலும் பக்கத்து வகுப்பு மலாய் ஆசிரியை எனக்காக ஐந்து நிமிடம் நிற்கிறார். அவருக்காக நான் நிற்கிறேன்.