குறைந்த செலவில் வெளிநாட்டுப் பயணம்: திட்டமிடும் முறை

பயணச் செலவு பெரும்பாலும் நாம் செல்லும் காலத்தைப் பொறுத்தே அமைவதால், ஊரை முதலில் உறுதி செய்துவிட்டு விமானச்சீட்டைத் தேடாமல், கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தளங்களில் சேருமிடத்தைக் குறிப்பிடாமலே தேடி, மலிவான தேதியையும் ஊரையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. மலிவு விமானங்களின் கட்டணத்தில் பெட்டியும் இருக்கைத் தேர்வும் பொதுவாக அடங்குவதில்லை. அவற்றைக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். இரு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு வாங்கினால் பணம் மிச்சமாகலாம் என்றாலும், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இழப்பு பெரும்பாலும் பயணியின் தலையிலேயே விழும் என்பதால், இடையில் ஓர் இரவு தங்குவதே விவேகம்.

விசாவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, கட்டணத்துடன், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேவை. ஆனால் அந்த ஒரே விசாவில் பல நாடுகளைப் பார்த்துவிடலாம்.

தங்குவதற்குப் பொதுப் படுக்கையறை விடுதிகளே எளிய வழி. நீண்ட நாள் தங்குவோர், 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் அமைப்பின் வழியாக இயற்கைப் பண்ணைகளில் தினமும் சில மணி நேரம் உழைத்து, ஈடாக உணவும் உறைவிடமும் பெறலாம். சில நாடுகள் இதையும் வேலையாகவே கருதுகின்றன. சுற்றுலா விசா இதற்கு இடமளிக்கிறதா என்று தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வெளிநாட்டில் அட்டையில் பணம் செலுத்தும்போது, சொந்த நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தில் கணக்கிட இயந்திரம் காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் பயணிக்குப் பாதகமானது.