ஒரு பொய், மீதியெல்லாம் கணக்கு: அறிபுனை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

கல்லூரியில் படிக்கும்போது என் முதல் அறிவியல் கதையை எழுதினேன். செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்துப் பொட்டலிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பி வியாழனுக்குப் போகும். பதினெட்டுப் பக்கம். எங்கள் ஐயாவிடம் (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாசித்துக் காட்டினேன். அவர் சின்ன வயதில் பினாங்கு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரை வந்தவர். கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது சரிப்பா, இந்த ராக்கெட்டுக்கு யாரு காசு போட்டா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய கற்பனையில் காசைப் பற்றிக் கேட்கிறாரே என்று. அந்தக் கதை ஒரு பத்திரிகைக்குப் போய், போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ஐயா கேட்டதுதான் இந்த எழுத்துக்கு ஆதாரமான கேள்வி என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். அறிவியலை ஒட்டிய கற்பனை அறிபுனை. மந்திரம், மாயம், இல்லாத உலகம் எல்லாம் மிகுபுனைவு. முதலாவதில் பொய்க்கு அறிவியல் சாயம் பூச வேண்டும், இரண்டாவதில் வேண்டாம். மற்றபடி இரண்டுக்கும் வேலை ஒன்றே என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

முதல் படி: ஒரே ஒரு பொய்

ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள். நம் உலகத்தில் எதை மாற்றப் போகிறீர்கள்? 'நாளையிலிருந்து இரும்பு துருப்பிடிக்காது.' 'செத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் போனில் பேசலாம்.' அவ்வளவு போதும். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே சறுக்குகிறார்கள். வேற்றுக்கிரகவாசி, காலப்பயணம், மனத்தைப் படிக்கும் எந்திரம் என்று மூன்றையும் ஒரே கதையில் போடுவார்கள். வாசகர் ஒரு பொய்யைச் சந்தோஷமாக நம்புவார். இரண்டாவது பொய்யில் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாவதில் எழுந்து போய்விடுவார்.

இன்னொன்று. செட்டிநாட்டைக் களமாக எடுத்ததுமே பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் பேய் என்று ஆரம்பிக்காதீர்கள். தொலைக்காட்சித் தொடர்கள் அந்தப் பேயைப் போதுமான அளவு வேலை வாங்கிவிட்டன.

இரண்டாம் படி: பேரேட்டைத் திறங்கள்

இங்கேதான் ஐயாவின் கேள்வி. தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. நீங்கள் சொன்ன பொய்யால் யாருக்கு என்ன வருகிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்று எழுதுங்கள்.

துருவையே எடுத்துக்கொள்வோம். காரைக்குடிக்காரர்களுக்கு அது அந்நியமான விஷயமில்லை. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் நிற்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். பேட்டரியோடு உலோக அரிமானத்தையும் அங்கே பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். சரி, நாளைக் காலை முதல் துரு இல்லை. வரவில் என்ன எழுதலாம்? 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் காலமெல்லாம் உப்புக்காற்றோடு போராடியது. அந்த மாதிரிப் போராட்டம் இனி இல்லை. கப்பல், குழாய், கட்டடக் கம்பி எல்லாம் நீடித்து உழைக்கும். செலவில்? பெயின்ட் கம்பெனி படுத்துவிடும். பழைய இரும்புக்கடையில் சரக்கு வராது. அரிமானம் படித்த விஞ்ஞானி வேலையில்லாமல் ஊருணிக்கரையில் உட்கார்ந்திருப்பார். கதை அவரிடமே இருக்கலாம்.

இதோடு நிறுத்தாதீர்கள், இன்னும் ஒரு படி இறங்குங்கள். துரு என்பது இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்து நடத்தும் வேலை. 'இரும்பு இனி ஆக்சிஜனைத் தொடாது' என்று அவசரத்தில் எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துச் சுமப்பதும் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்புதான். உங்கள் கதாநாயகன் இரண்டாம் பத்தியிலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடுவான். அதுதான் கதை என்றால் சரி. இல்லையென்றால் பொய்க்கு வேலி போட வேண்டும்: 'காற்றில் கிடக்கும் இரும்பு மட்டும்' என்றோ, 'இந்த ஒரு மருந்தைப் பூசிய இரும்பு மட்டும்' என்றோ. வேலி போடப் போடக் கதை கூர்மையாகும். மருந்து பூச வேண்டுமென்றால் அதைச் செய்கிறவர், விற்கிறவர், பதுக்குகிறவர் என்று ஆட்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: கணக்கு யாரைக் கடிக்கிறது?

எனக்குப் பிடித்த உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஊர்க் கதை.

கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் நடத்தப் போன நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்கில் கப்பலேறினார்கள். அந்தக் கப்பலை விண்கலம் ஆக்குவோம். ஒளியின் வேகத்தில் 86.6 சதவீத வேகம் போனால் கலத்துக்குள் நேரம் சரியாகப் பாதி வேகத்தில் ஓடும். இது கற்பனை இல்லை, ஐன்ஸ்டைனின் சார்பியல். சிரியஸ் விண்மீன் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்த வேகத்தில் போய்த் திரும்பினால் ஊரில் ஏறக்குறைய 20 வருஷம் ஓடியிருக்கும். பயணிக்கு 10 வருஷம்தான். (வேகமெடுக்கவும் நிறுத்தவும் ஆகும் நேரத்தை விட்டுவிட்டேன். கதைக்கு இந்த அளவு போதும்.)

அண்ணன் சாத்தப்பனுக்கு முப்பது வயது. தம்பி மெய்யப்பனுக்கு இருபத்தெட்டு. தம்பி பயணத்துக்காக அண்ணனிடம் ஒரு லட்சம் கடன் வாங்குகிறான், வருஷத்துக்கு 12 சதவீதக் கூட்டுவட்டி. திரும்பி வந்து கணக்குப் பார்க்கிறார்கள். தம்பியின் கடிகாரப்படி பத்து வருஷம்: 3,10,585 ரூபாய். அண்ணனின் கடிகாரப்படி இருபது வருஷம்: 9,64,629 ரூபாய். வித்தியாசம் ஆறரை லட்சத்துக்கு மேல். தம்பிக்குக் கலத்தில் சம்பளம் கொடுத்தது பத்து வருஷத்துக்குத்தான்.

எந்தக் கடிகாரம் சரி? இதை நான் மட்டும் யோசிக்கவில்லை. பின்னாளில், 2008-ல், பொருளாதார நோபல் வாங்கிய பால் க்ரூக்மன் 1978-ல் இதே கேள்வியை வைத்து விளையாட்டாக ஒரு கட்டுரை எழுதினார். விண்மீன்களுக்கிடையே போகும் சரக்குக்கு வட்டியைக் கலத்தின் கடிகாரப்படி போடக்கூடாது, கிரகத்தில் ஓடும் கடிகாரப்படிதான் போட வேண்டும் என்பது அவர் முடிவு. பணம் ஊரிலேயே இருந்திருந்தால் இருபது வருஷம் குட்டி போட்டிருக்குமே. ஆக, அண்ணன் பக்கம் நியாயம். ஆனால் தம்பி பக்கம்? அவன் உழைத்ததும் பத்து வருஷம், வயதானதும் பத்து வருஷம். இதில் கெட்டவன் என்று யாரும் இல்லை. துப்பாக்கி இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை. இரண்டு பேர், ஒரு பேரேடு. இந்த முடிச்சு விழுந்தால் கதை தானாக ஓடும்.

ஆகவே பொய்யைத் தேர்ந்ததும், அந்தக் கணக்கில் அதிகமாக நஷ்டப்படுகிறவர் யார் என்று தேடுங்கள். அவர் பக்கத்தில் காமிராவை வையுங்கள். கண்டுபிடித்த விஞ்ஞானியை நாயகனாக்குவதுதான் எல்லோரும் செய்வது. பெரும்பாலும் அவரைவிட அவர் வீட்டுச் சமையற்காரர் சுவையான ஆள்.

நான்காம் படி: மந்திரத்துக்கும் வட்டி உண்டு

மிகுபுனைவில் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. மந்திரம் இலவசம் என்றால் மூன்றாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும், ஏனென்றால் நாயகன் எல்லாச் சிக்கலையும் அதை வைத்தே தீர்த்துவிடுவான்.

செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு சாவி. சாவிகள் இப்போது சென்னை, சிங்கப்பூர், ஹூஸ்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. இது உண்மை. இனிப் பொய்: இரண்டாம் கட்டில் ஒரு அறை. முன்னோரைக் கும்பிடும் படைப்பு நாளில் பங்காளிகள் அத்தனை பேரும் சாவியோடு கூடினால்தான் திறக்கும். உள்ளே, கடைசியாகப் பூட்டிய நாள் அப்படியே இருக்கும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், காபி ஆறியிருக்காது. அதிலிருந்து எதையும் வெளியே எடுக்கலாம். விலை: எடுத்தவருக்கு ஒரு முகம் மறந்துபோகும். யார் முகம் என்று முன்கூட்டித் தெரியாது.

இப்போது எழுத வேண்டியது மூன்று வரி. மந்திரத்தால் என்ன முடியும், என்ன முடியாது, என்ன செலவு. நடு வரிக்கு அதிக நேரம் கொடுங்கள். அந்த அறையிலிருந்து ஆளை வெளியே கூட்டி வர முடியுமா? முடியாது என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, கதையின் பாதியில் ஆயாவை உள்ளே உட்கார வையுங்கள். பேத்தி என்ன செய்வாள் என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆத்தங்குடிக் கல் மாதிரி

ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்ததில்லை என்றால் ஒரு முறை போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, பூ வடிவத்தில் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமென்ட்டும். கல்லின் முகம் அடியில் இருக்கும், செய்கிறவர் பார்ப்பது முதுகைத்தான். கண்ணாடி விலகிய பிறகுதான் பளபளப்பும் பூவும் தெரியும். பூ மெல்லிய ஒரு படலம். கனமெல்லாம் பின்னால் இருக்கும் மணலும் சிமென்ட்டும்தான்.

நீங்கள் போட்ட கணக்கெல்லாம் அந்தப் பின்பக்கம். அது இல்லாமல் கல் நிற்காது. அதற்காக அதைத் திருப்பி வாசகரிடம் காட்டவும் கூடாது. என் பழைய கதையில் இப்படி ஒரு வரி இருந்திருக்கும்:

"உனக்குத்தான் தெரியுமே சாத்தப்பா, ஒளியின் வேகத்தில் 86.6 சதவீதத்தில் செல்லும்போது நேரம் பாதியாகிறது" என்றான் மெய்யப்பன்.

தெரியுமென்றால் ஏன் சொல்கிறான்? இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

மெய்யப்பன் முகப்பில் செருப்பைக் கழற்றினான். பட்டாலையில் நரைத்த தலை ஒன்று பேரேட்டின் மேல் குனிந்திருந்தது. அதே தோள், அதே மூக்கு.
"அப்பச்சி" என்று கூப்பிட்டான்.
தலை நிமிர்ந்தது. "அப்பச்சி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சுடா. நான் அண்ணன்."

அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. சார்பியல் என்ற சொல் அதில் இல்லை. நேரம் என்ன செய்தது என்பது வாசகருக்குத் தெரிந்துவிட்டது. எண்ணைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், அண்ணனும் தம்பியும் வட்டிக்காகச் சண்டை போடும் இடத்தில் வரட்டும். சண்டையில் சொன்னால் விளக்கம் விளக்கமாகத் தெரியாது.

ஆறாம் படி: பெயர்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'க்ஸார்த்தான்', 'ஸெல்வோரியா' எல்லாம் வேண்டாம். தமிழில் தூங்கிக்கொண்டிருக்கும் சொற்களை எழுப்புங்கள். விண்கலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் பெட்டியடிப் பையன். செவ்வாய்க் கிளையின் பொறுப்பாளர் மேலாள். வருஷக் கடைசியில் பூமிக்கு அனுப்பும் கணக்கு ஐந்தொகை. வாசகருக்குப் பாதி புரியும், மீதியைக் கதை சொல்லிக்கொடுக்கும்.

ஏழாம் படி: சரிபார்ப்பு

எழுதி முடித்த பிறகு உண்மைகளைச் சரிபாருங்கள். எழுதும்போது வேண்டாம், கை நின்றுவிடும். அடிக்கடி பார்க்கிற தப்பு, செவ்வாயிலிருந்து ஊருக்கு நேரடியாகப் போன் பேசுவது. வானொலி அலை ஒரு வழி போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிஷம் ஆகும், இரண்டு கிரகமும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து. 'ஹலோ' சொல்லிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வரலாம். அதனால் அங்கே இருக்கிறவர்கள் ரங்கூனிலிருந்து எழுதியது மாதிரி கடிதம்தான் எழுதுவார்கள், 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று ஆரம்பித்து. செவ்வாயில் ஒரு வருஷம் 687 நாள். மூன்று வருஷக் கணக்கு என்று கையெழுத்துப் போட்டுப் போன ஒருவரிடம், அது செவ்வாய் வருஷம் என்று இறங்கிய பிறகு சொன்னால் எப்படி இருக்கும்? நம் கணக்கில் ஐந்தரை வருஷத்துக்கு மேல். இதையும் யாராவது எழுதலாம், நான் உரிமை கொண்டாடமாட்டேன்.

கடைசியில் கதையை அறிவியலே படிக்காத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பதில் சொல்லிச் சமாளிக்காதீர்கள். புத்தகத்தோடு நீங்களும் போய் வாசகர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது.

முதல் கதை மூவாயிரம் சொல்லுக்குள் இருக்கட்டும். ஒரு பொய், இரண்டு ஆள், ஒரு இடம். நாவல் அப்புறம் பார்க்கலாம்.

நான் அந்த வியாழன் ராக்கெட் கதையை இப்போது திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். காசு போட்டது யார் என்று தெரிந்துவிட்டது: நகரத்தாரின் ஒன்பது கோயிலைச் சேர்ந்தவர்களும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், இவ்வளவு என்று வரி போட்டுச் சேர்த்த பணம். எரிபொருள் கணக்கு மட்டும் இன்னும் இடிக்கிறது.