கால்பந்து வீரர்களைக் கொண்டு ஒரு கிரிக்கெட் அணியை அமைப்பது எப்படி

பெங்களூரில் அல்சூர், ஆஸ்டின் டவுன், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதமபுரம் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களுக்குக் கால்பந்து பல தலைமுறைகளின் சொத்து. கிரிக்கெட்டோ எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது. இரண்டையும் நேசிப்பவர்கள் கூடும்போது, கால்பந்து வீரர்களிலிருந்து ஒரு கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுப்பது இனிய பொழுதுபோக்கு. ஆனால் பெரும்பாலானோர் கோல்கீப்பரை விக்கெட் கீப்பராகவும், கோல் அடிப்பவரைத் தொடக்க ஆட்டக்காரராகவும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதால், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒருவர் ஆடும் இடத்தின் பெயரைப் பார்க்காமல், அவருடைய உடலும் கண்ணும் மனமும் உண்மையில் என்ன வேலையைச் செய்கின்றன என்று பார்த்தால்தான் அணி உயிர் பெறும்.

முதலில் ஆட்டத்தின் வகையையும் மைதானத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லைக்கோடு அருகிலேயே இருக்கும் சின்னசாமி மைதானத்தில் இருபது ஓவர் ஆட்டம் என்றால் அதிரடியாக அடிப்பவர்களே போதும். நான் டெஸ்ட் அணியைத்தான் பரிந்துரைப்பேன். ஐந்து நாள் ஆட்டத்தில்தான் ஒவ்வொரு வீரரின் பொறுமையையும் பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து விக்கெட் கீப்பர். ராஞ்சியில் பள்ளி நாட்களில் தோனி கோல்கீப்பராக இருந்தவர் என்பதை யாராவது நினைவூட்டுவார்கள், அது உண்மைதான். இருப்பினும் கோல்கீப்பர் ஓர் ஆட்டத்தில் சில முறையே முழு நீளத்துக்குப் பாய்கிறார், விக்கெட் கீப்பரோ நாள் முழுவதும் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து எழ வேண்டும். ஆகவே இத்தாலிய கோல்கீப்பர் புஃபோனை ஸ்லிப்பில் நிறுத்திவிட்டு, கையுறையை நெதர்லாந்து வீரர் யோஹான் க்ரைஃபிடம் கொடுங்கள். அவர் சிறுவயதில் அயாக்ஸ் கிளப்பின் பேஸ்பால் அணியில் கேட்சராக ஆடியவர். குந்தி அமர்ந்து வேகமான பந்தைப் பிடித்த பழக்கம் உண்மையிலேயே அவருக்கு இருந்தது.

தொடக்க ஆட்டக்காரர்களைத் தடுப்பாட்டக்காரர்களிடையே தேடுங்கள். மிலான் அணிக்காக ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆடிய பாவ்லோ மால்தினியின் சிறப்பு, எதிராளியின் காலில் பாயாமல், சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுகொள்வதுதான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடும் மனக்கட்டுப்பாடும் அதே வகையைச் சேர்ந்தது. மூன்றாவது இடத்துக்கு, பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பிக் களத்தை அளந்துகொள்ளும் ஸ்பெயின் வீரர் சாவி பொருந்துவார். நான்காவது மெஸ்ஸி, அதற்கு விளக்கம் தேவையில்லை. ஐந்தாவதாக எங்கள் ஊர்க்காரரான அகமது கானைச் சேர்ப்பேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்த அவர் பந்தைத் தன் காலோடு நெருக்கமாக வைத்துக்கொள்வதில் வல்லவர். சுழற்பந்தை அருகில் சென்று ஆடுவதற்கு அத்தகைய கால்கள் வேண்டும். பிரான்சுக்கு எதிராக அதே ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமனையும் பெங்களூர்த் தமிழர் அமைக்கும் அணி மறந்துவிடக் கூடாது.

பந்துவீச்சைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஃப்ரீகிக்கை வளைத்து அடிப்பவரை ஸ்விங் பந்துவீச்சாளராக எழுதுவது வழக்கம். இயற்பியல் அதற்கு இடம் தராது. 1997-இல் பிரான்சுக்கு எதிராகப் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த பந்து வளைந்ததற்குக் காரணம் அதன் சுழற்சி: சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவதால், தான் மறுபக்கமாக நகர்கிறது. மேக்னஸ் விளைவு எனப்படும் இதுவே சுழற்பந்துவீச்சாளரின் பந்து காற்றில் விலகிச் செல்வதற்கும் காரணம். வேகப்பந்தின் ஸ்விங் வேறு வகையானது. சாய்த்துப் பிடித்த பந்தின் தையல் ஒரு பக்கத்தில் காற்றோட்டத்தைக் கலைத்துவிடுவதால் அது நிகழ்கிறது. ஆகவே கார்லோஸும், அவரைப் போலவே ஃப்ரீகிக்கை வளைத்து அடிக்கும் இங்கிலாந்தின் பெக்கமும் சுழற்பந்துவீச்சாளர்களாகவே பந்தை எடுக்க வேண்டும். லியோன் கிளப்புக்காக ஆடிய ஜூனின்யோ, ஏறக்குறைய சுழற்சியே இல்லாமல் அடித்த பந்து எந்தப் பக்கம் அசையும் என்று கோல்கீப்பரால் கணிக்க முடியாது. வேகத்தைக் குறைத்து வீசும் நக்கிள் பந்து அவருக்கு இயல்பாக அமையும். உயரமாக எழும்பும் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கும், பெங்களூரு எஃப்சியின் நெடிய கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவுக்கும் புதிய பந்தைக் கொடுக்கலாம். நீண்ட த்ரோ-இன் வீசுபவரை மட்டும் பந்துவீச்சாளராக்காதீர்கள். அது இரு கைகளாலும் தலைக்கு மேலிருந்து எறியப்படுவது, முழங்கை மடங்காத வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இடது காலால் ஆடுபவர் இடது கை ஆட்டக்காரராகத்தான் இருப்பார் என்றும் கருத வேண்டாம். டெண்டுல்கர் இடது கையால் எழுதி, வலது கையால் மட்டை பிடித்தவர்.

தலைவர் யார் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. கால்பந்தில் முக்கிய முடிவுகளைப் பயிற்சியாளர் வெளியிலிருந்து எடுக்கிறார். கிரிக்கெட்டில் தலைவரே களத்தில் நின்று பந்துவீச்சாளரை மாற்றுகிறார், ஃபீல்டர்களை நகர்த்துகிறார். இரண்டு பணிகளையும் உண்மையில் செய்துகாட்டியவர் சுனி கோஸ்வாமி. 1962 ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றபோது அவரே தலைவர். பின்னர் 1971-72 ரஞ்சி இறுதியாட்டத்தில் வங்காள அணியை வழிநடத்தினார். 1966-இல் இந்தூரில், சோபர்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எட்டு விக்கெட்டுகள் எடுத்திருக்கிறார். கற்பனை அணியில் இப்படி உண்மையான பதிவு உள்ள ஒருவரேனும் இருந்தால், மற்றவர்களின் தகுதியை அவரோடு ஒப்பிட்டு வாதிட முடியும்.

பதினொரு பெயர்களையும் எழுதிய பிறகு, எதிரணி விக்கெட் இழக்காமல் நிற்பதாகவும், எண்பது ஓவர்கள் முடிந்து இரண்டாவது புதிய பந்து கிடைப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பந்தை யாரிடம் கொடுப்பது என்று உடனே சொல்ல முடியாவிட்டால், மட்டையாளர்களில் ஒருவரை நீக்கிவிட்டு இன்னொரு பந்துவீச்சாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.