இ-ரீடர் வாங்கப் போறீங்களா? மெஷின அப்புறம் பாக்கலாம், புக்கு எங்க இருந்து வரும்னு முதல்ல பாருங்க

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் தாண்டுனா தமிழ்நாடு. வீட்டுல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், சந்தையில ரெண்டும் கலந்து. ஆனா ஒரு தமிழ் புக்கு வேணும்னா மட்டும் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறணும், நான் போற வாயனசாலையில (நூலகம்தான்) மலையாள புக்கு சுவரு முழுக்க இருக்கு, தமிழுக்கு ஒரே ஒரு பீரோ, அதுல பாதி நான் ஸ்கூல் படிக்கும்போதே படிச்சு முடிச்சது. அதனாலதான் இந்த இ-ரீடர் (இ-புக்கு படிக்கிறதுக்குன்னே இருக்குற மெஷின்) விஷயத்த உக்காந்து கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டத அப்படியே எழுதுறேன், நம்மள மாதிரி எல்லைப் பக்கம் இருக்குறவங்களுக்கு உபயோகப்படும்.

எங்கிட்ட கேக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த மாடலு நல்லாருக்கு, எத்தன ஜிபி"ன்னுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. முதல்ல ஒரு பேப்பர எடுத்து, அடுத்த ஒரு வருஷத்துல நீங்க நெஜமாவே படிக்கணும்னு நெனக்கிற பத்து புக்கு பேர எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கு நேராவும் அது இ-புக்கா எங்க கிடைக்குதுன்னு தேடி எழுதுங்க. இதுக்கு ஒரு சாயந்தரம் போதும், ஆனா பத்தாயிரம் பதினஞ்சாயிரம் ரூபாய் தப்பாப் போகாம காப்பாத்தும்.

எங்க அத்தைக்கு (ரிட்டயர்டு தமிழ் டீச்சர், கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியல) வாங்கும்போது இப்படித்தான் பண்ணோம். அவங்க லிஸ்ட்ல நாலு சங்க இலக்கியம், பக்தி இலக்கியம். அதெல்லாம் மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல இலவசமாவே இருக்கு, 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சு தன்னார்வலருங்க தட்டச்சு பண்ணி பண்ணி சேத்தது. மூணு பழைய பதிப்பு, ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா தமிழ் டிஜிட்டல் லைப்ரரியில இருந்துச்சு. ரெண்டு புது நாவல் அமேசானோட கிண்டில்ல மட்டும் (அவங்க இ-புக்கு கடைக்கும் மெஷினுக்கும் அதே பேருதான்). கடைசி ஒண்ணு மலையாளம். ஆக பத்துல ஏழு, கடைக்காரனே தேவையில்லாத புக்கு. அப்போ எந்த மெஷின்ல வெளிப் புக்க சுலபமா ஏத்தலாம்ங்கறதுதான் எங்களுக்கு முக்கியமாச்சு. உங்க லிஸ்ட்ல பத்துக்கு எட்டு புது நாவலா இருந்தா கணக்கு தலைகீழாயிரும், அதுல தப்பே இல்ல.

ஏன் புது தமிழ் புக்கு நிறைய கிண்டில்லயே கிடக்குதுன்னு கேப்பீங்க. இத புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் வெளங்கிரும். 2016 டிசம்பர்ல அமேசான் தமிழ், மலையாளம் உட்பட அஞ்சு இந்திய மொழிக்கு கிண்டில் கடையத் திறந்துச்சு. எழுதுறவரே நேரா ஏத்திக்கலாம். ஆனா இந்தியாவுல விக்கிற புக்குக்கு 70 சதவீத ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற அமேசான் திட்டத்துல சேரணும், இல்லன்னா 35 தான். செலக்ட்ல சேந்தா தொண்ணூறு நாளைக்கு அந்த இ-புக்க வேற எந்தக் கடையிலயும் விக்கக் கூடாது, இலவசமாவும் குடுக்கக் கூடாது, நிறுத்தச் சொல்லலன்னா தானாவே அடுத்த தொண்ணூறு நாளைக்கு ஓடும். கிண்டில் அன்லிமிடெட்ல (சந்தா கட்டிப் படிக்கிற திட்டம்) வர்ற தமிழ் புக்குல தாங்களே ஏத்துனவங்களோடது எல்லாம் இந்த வழியா வந்ததுதான். எழுத்தாளர நான் குத்தம் சொல்ல மாட்டேன், பாதி காசுக்கு யாரு ஒத்துக்குவாங்க? ஆனா வாசகனுக்கு அதனால என்ன ஆச்சுன்னா, வேற கம்பெனி மெஷின வாங்குனா அந்தப் புக்கே இல்லாமப் போச்சு. இதுதாங்க எனக்கு வயித்தெரிச்சல். போட்டி மெஷின்ல இல்ல, கடையில இருக்கு.

நெஜமாவே மெஷின்ல பெருசா வித்தியாசம் இல்லைங்க. கிண்டிலு, கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் எல்லாத்துலயும் இ-இங்க்ங்கற ஒரே கம்பெனியோட திரைதான். அமெரிக்காவுல எம்ஐடியில இருந்து 1997ல கிளம்புன கம்பெனி, இப்போ தைவான்காரங்க கையில. திரைக்குள்ள தலமுடி கனத்துக்கு குட்டிக் குட்டி குமிழு, அதுக்குள்ள வெள்ளத் துகளும் கறுப்புத் துகளும், கரண்ட் குடுத்தா ஒண்ணு மேல வரும் ஒண்ணு கீழ போகும், அப்படியே நிக்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் கரண்ட், அதனாலதான் வாரக்கணக்குல சார்ஜ் நிக்குது. எங்க ஊரு மத்தியான வெயில்ல திண்ணையில வச்சுப் படிச்சாலும் பேப்பர் மாதிரியே தெரியும், போன்ல அந்த வெயிலுக்கு கைய மறைச்சு மறைச்சுப் பாக்கணும்.

அப்போ கம்பெனிக்கு கம்பெனி என்னதான் மாறுதுன்னா பூட்டுதான் மாறுது, அதாவது ஒரு கடை புக்க வேற மெஷின்ல திறக்க விடாத தடை. இ-புக்குன்னா உலகம் முழுக்க ஈபப்னு ஒரு பொதுவான ஃபார்மேட் இருக்கு. கோபோ, பாக்கெட்புக் ரெண்டும் அத நேரா திறக்கும், யூஎஸ்பி கேபிள்ல காப்பி பண்ணிப் போட்டா போதும். கிண்டில்ல அதே மாதிரி காப்பி பண்ணிப் போட்டீங்கன்னா லைப்ரரியில தலையே காட்டாது, புதுசா வாங்குனவங்க "கெட்டுப் போச்சு"ன்னு பயந்துக்கறது இங்கதான். கிண்டிலுக்கு ரெண்டு வழி இருக்கு: சென்ட் டு கிண்டில்ங்கற அமேசான் சேவை மூலமா அனுப்புனா 2022ல இருந்து ஈபப்ப வாங்கிக்கிட்டு அதுவே மாத்திக்கும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல காலிபர்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல கிண்டிலுக்குப் புரியுற ஏஇசட்டபிள்யூ3 (AZW3) ஃபார்மேட்டா மாத்தி கேபிள்ல ஏத்தலாம். காலிபர எழுதுனது கோவித் கோயல்னு நம்ம நாட்டுக்காரரு, 2006ல இருந்து இன்னிக்கு வரைக்கும் காசு கேக்காம ஓடுது. எந்த மெஷின் வாங்குனாலும் இத முதல்ல இறக்கி வச்சிருங்க.

இன்னொண்ணு, கடையில காசு குடுத்து வாங்குறது புக்கு இல்லைங்க, படிக்கிற உரிமம். இது பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. 2009ல அமேசான் ரெண்டு இங்கிலீஷ் நாவல, உரிமை இல்லாத ஆளு ஏத்திட்டாருன்னு, காசு குடுத்து வாங்குனவங்க கிண்டில்ல இருந்தே ராத்திரியோட ராத்திரியா எடுத்துருச்சு, காசத் திருப்பிக் குடுத்தாங்கன்னு வைங்க. மைக்ரோசாஃப்ட் 2019ல தன்னோட இ-புக்கு கடையவே மூடுனப்போ வாங்குன எல்லாமே போச்சு, அங்கயும் காசு மட்டும்தான் திரும்புச்சு. நம்ம ஃபிளிப்கார்ட்டும் 2012ல இ-புக்கு வித்துட்டு 2015 கடைசியில நிறுத்தி வாடிக்கையாளருங்கள கோபோ பக்கம் அனுப்பிருச்சு. முதல் முதல்ல இ-இங்க் ரீடர் கொண்டு வந்த சோனியே 2014ல போதும்னு விலகிருச்சு. கடைசியா, வாங்குன கிண்டில் புக்க கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கிற வசதி ஒண்ணு இருந்துச்சு, அதையும் 2025 பிப்ரவரி 26ஓட எடுத்துட்டாங்க. அதனால என் பழக்கம் இதுதான்: பூட்டு இல்லாம கிடைக்கிற புக்க அங்கயே வாங்குவேன், திரும்பத் திரும்பப் படிக்கிற புக்க அச்சுலயே வாங்கி வச்சுக்குவேன், ஒரு தடவ படிச்சா போதும்ங்கறத மட்டும் கிண்டில்ல வாங்குவேன். அச்சு புக்குக்கு ஜிஎஸ்டியே கிடையாது, இ-புக்குக்கு உண்டு, அச்சுல வந்த புக்கோட இ-பதிப்புக்கு 2018 ஜூலையில 18ல இருந்து 5 சதவீதமா குறைச்சாங்க, இன்னும் ஏன் வச்சிருக்காங்கன்னு எனக்குப் புரியல.

சரி, எது வாங்கலாம்? கிண்டில் நம்ம ஊருக்கு நேரா வரும், சர்வீஸும் கேக்கலாம், நடுவுல ரொம்ப நாள் இந்தியாவுல ஸ்டாக்கே இல்லாம இருந்துச்சு, 2025ல பேப்பர்வைட் புது மாடல் 16,999 ரூபாய்க்கு வந்துச்சு. கோபோவ 2013ல இங்க கொண்டு வந்தாங்க, அப்புறம் காணாமப் போச்சு, இப்போ வெளிநாட்டுல இருந்து யாராவது வந்தா வாங்கிட்டு வரச் சொல்லணும். நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருக்காங்க, அது ஒரு வசதிதான், ஆனா வாரண்டி இங்க செல்லாதுன்னு மனசுல வச்சுக்குங்க. பூக்ஸ் ஆண்ட்ராய்ட்ல ஓடுது, அதனால கிண்டில் ஆப், மத்த கடை ஆப் எல்லாத்தையும் ஒரே மெஷின்ல போட்டுக்கலாம். எந்தக் கடைக்கும் அடிமையாகாம இருக்க அதுதான் நேர்வழி, என்ன ஒண்ணு, விலை ஜாஸ்தி, சார்ஜும் மத்ததுங்க அளவுக்கு நிக்காது. தமிழும் மலையாளமும் கலந்து படிக்கிறவங்களுக்கு, காசு இருந்தா, நான் அதத்தான் சொல்லுவேன். எதுவா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் போன்ல கிண்டில் ஆப்பப் போட்டு ரெண்டு புக்கு முழுசாப் படிச்சுப் பாருங்க. அது முடியலன்னா மெஷின் வந்தாலும் அலமாரியிலதான் கிடக்கும்.

கடையில கையில எடுத்துப் பாக்குற வாய்ப்பு கிடைச்சா இத மட்டும் கண்டிப்பா பாருங்க. திரை 300 பிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) இருக்கணும். 2022க்கு முந்துன சாதா கிண்டில்ல 167தான், இங்கிலீஷுக்கு சமாளிச்சிரும், நம்ம எழுத்துக்குப் பத்தாது, ணு எது னு எதுன்னு கண்ண சுருக்கிப் பாக்கணும், ஞ, ஐ எல்லாம் சுழி அடைஞ்சு கறுப்புப் புள்ளி மாதிரி தெரியும். அப்புறம் ஒரு சின்ன ஈபப் நீங்களே தயார் பண்ணி வச்சுக்குங்க, அதுல "கொடி, கோயில், கௌதாரி, ஸ்ரீ, பக்ஷி"ன்னு எழுதி, கீழ மலையாளத்துல சில்லெழுத்து (நம்ம புள்ளி வச்ச மெய்யெழுத்து மாதிரி) வர்ற மாதிரி "അവൻ, അവൾ"னும் போட்டு, அத ஏத்திப் பாருங்க. கொம்பு தனியா, கால் தனியா நின்னாலோ, நடுவுல புள்ளி வட்டம் வந்தாலோ அந்த மெஷினுக்கோ அந்த ஃபான்டுக்கோ நம்ம எழுத்து கோர்க்கத் தெரியலன்னு அர்த்தம். கிண்டில், கோபோ ரெண்டுலயுமே fonts-ங்கற ஃபோல்டர்ல யூனிகோட் ஃபான்ட் காப்பி பண்ணிப் போட்டு மாத்திக்கலாம்.

கலர் திரை இப்போ வந்துருக்கு, கறுப்பு வெள்ளையில 300ன்னா கலர்ல பாதி, 150தான். குழந்தைங்க படப் புக்குக்கு ஓகே, மத்தவங்களுக்கு அந்தக் காச கவருக்குப் போடலாம். திரைக்குள்ள கண்ணாடிங்க, ஒரு தடவ விழுந்தா புது மெஷின் விலை ஆயிரும்.

ஸ்கேன் பிடிஎஃப் விஷயத்துல யாரும் நெஜத்தச் சொல்ல மாட்டேங்குறாங்க. ஏ4 சைசு பக்கத்த ஆறு இஞ்சு திரையில போட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அத்தைக்கு முதல் நாள் அப்படித்தான் குடுத்தேன், ரெண்டு நிமிஷம் மூக்குகிட்ட கொண்டு போய்ப் பாத்துட்டு, "இதுக்கு என் கண்ணாடியே பரவால்ல கண்ணு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்புறம் கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு இலவச டூல்ல போட்டு ஓரம் வெட்டி, வரிய ஒடச்சு மறுபடி அடுக்குனேன், பக்கம் மூணு மடங்காச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது. பழைய அச்சு மங்கலா இருந்தா அதுவும் சரியா வராது. உங்க லிஸ்ட்ல பாதிக்கு மேல ஸ்கேன்னா பத்து இஞ்சு திரைக்குப் போங்க, இல்லன்னா டேப்லெட் வாங்கிருங்க. இலவச தமிழ் மின்னூல் தர்ற தளங்கள்ல சிலது ஆறு இஞ்சுக்குன்னே தனி பிடிஎஃப் வச்சிருக்கும், அத இறக்குனா இந்தப் பாடு இல்ல.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கவனமா இருங்க, நான் பட்டது இது. கோயம்புத்தூர்ல ஒரு கடையில பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு வாங்கிட்டு வந்தேன், மெஷினு பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து என் அக்கவுண்ட போட்டா ஏத்துக்கவே இல்ல. முன்னாடி வச்சிருந்தவரு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டாருன்னு கஸ்டமர் கேர்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது. கடைக்காரரு பில்லும் தரல, ஒண்ணும் பண்ண முடியல. அதனால அங்கயே வைஃபை போட்டு, உங்க அக்கவுண்ட்ல ரெஜிஸ்டர் ஆகுதான்னு பாத்துட்டு, ஒரு இலவச புக்க இறக்கிப் பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் காசக் குடுக்கணும். பில்லோட புதுசு வாங்கி பிரச்சனைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. ஆன்லைன்ல வாங்கும்போது விக்கிறவரு பேரு, முகவரி, எந்த நாட்டுல செஞ்சதுன்னு காட்டணும்னு 2020 இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு, அது இல்லாத பக்கத்துல வாங்காதீங்க.

மெஷின் வந்ததும் முதல் வேலையா எழுத்து சைச ஏத்துங்க, வரிக்கு நடுவுல இடைவெளிய கூட்டுங்க, தமிழுக்கு ரெண்டு பக்க ஓரமும் சமமா நிக்கிற அமைப்பு வேணாம், நம்ம வார்த்த நீளம், நடுவுல ஓட்டை ஓட்டையா விழும், இடப்பக்கம் மட்டும் சமமா வைங்க. அத்தைக்கு ஒவ்வொரு படியா ஏத்துனேன், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு வரிக்கு நாலு வார்த்த வர்ற அளவுக்கு வந்துட்டு, "ஆங், நிறுத்து"ன்னாங்க, கண்ணாடியக் கழட்டி மடியில வச்சுட்டு தேவாரத்த வாய்விட்டே படிச்சாங்க.

அப்புறம் வைஃபைய ஆஃப் பண்ணி வைங்க, புக்கு இறக்கும்போது மட்டும் போட்டா போதும், சார்ஜ் இன்னும் நாள் கூட நிக்கும். பூட்டு இல்லாத புக்கு எல்லாத்தையும் காலிபர் ஃபோல்டரோட ஒரு பென்டிரைவ்ல போட்டு பேர் எழுதி பீரோவுல வச்சிருங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா, கரண்ட் பில் கட்டுற அன்னிக்கே புது புக்கயும் அதுல சேத்துருங்க.