இரவில் உள்ளங்கால் எரிந்தால்: இன்றிரவு செய்ய வேண்டியதும் இந்த வாரம் பார்க்க வேண்டியதும்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், என் அம்மா பல மாதங்களாக நள்ளிரவில் கட்டிலை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் இரண்டு உள்ளங்கால்களையும் அழுத்தி வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால் "உடம்புச் சூடுதான், வேறொன்றுமில்லை" என்பார். நாங்களும் அதை நம்பி இளநீர், ஊறவைத்த வெந்தயம், காலுக்கு மருதாணி என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தோம். பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் பி12 சத்து மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. சர்க்கரைக்காக ஆறு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிட்டுவந்த அவருக்கு அந்தப் பரிசோதனையை அதுவரை யாரும் எழுதித் தரவில்லை; நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் இழந்த மாதங்களை வேறு ஒரு குடும்பம் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இரவைக் கடத்துவது எப்படி என்று பார்ப்போம். தூக்கம் கெட்டவருக்குக் காரணங்களைப் பற்றிப் படிக்கப் பொறுமை இருக்காது.

இன்றிரவு செய்ய வேண்டியது

ஒரு வாளியில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை எடுத்து, காலை வைப்பதற்கு முன் முழங்கையாலோ, காலில் தொந்தரவு இல்லாத ஒருவரின் கையாலோ அதன் குளிர்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடங்கள் போதும். அதன் பிறகு விரல் இடுக்குகள் உட்பட ஈரமில்லாமல் பருத்தித் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். பாதத்தின் மேல்புறத்திலும் அடிப்பாகத்திலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம்; விரல் இடுக்குகளில் மட்டும் தடவக் கூடாது, ஏனெனில் அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். போர்வையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தி, மின்விசிறிக் காற்று பாதத்தில் படும்படி படுத்தால் பலருக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது.

ஐஸ் கட்டியை மட்டும் காலில் வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் அது சொர்க்கமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நரம்பு கெட்ட பாதத்திற்குக் குளிர் எந்த அளவில் காயமாக மாறுகிறது என்று உணரத் தெரியாது. வெந்நீர், சூடான மணல் ஒத்தடம், சூடாக்கிய தைலம் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஏற்படும் தீக்காயங்களில் பல, வலி தணிய வேண்டும் என்று வீட்டில் செய்த ஒத்தடத்தால் வருபவை.

மருதாணி குளிர்ச்சி தரும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டுச் செடியிலிருந்து பறித்து அரைத்த இலையாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்புகளில் தலைமுடிச் சாயத்தில் உள்ள இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைப் பொசுக்கிவிடும்.

ஏன் இரவில் மட்டும்?

பகலில் நடையும் வேலையும் பேச்சும் மூளையின் கவனத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. விளக்கணைத்த பிறகு நரம்பு அனுப்பும் சமிக்ஞைக்குப் போட்டியாக எதுவும் இருப்பதில்லை. இது ஒரு காரணம். இன்னொன்று, தூக்கம் வரும் நேரத்தில் உடல் தன் உள் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகக் கை கால்களின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது; அதனால் பாதத் தோல் உண்மையிலேயே சற்றுச் சூடேறுகிறது. ஆரோக்கியமான நரம்புக்கு அது இதமான வெதுவெதுப்பு. கெட்டுப்போன நரம்புக்கு நெருப்பு. ஆகவே "சூடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழுக்கப் பொய்யல்ல. அந்தச் சூட்டை மூளைக்குச் சொல்லும் நரம்பைத்தான் நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

உடலில் மிக நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை செல்பவை. சர்க்கரையோ சத்துக்குறைவோ மதுவோ நரம்புகளைத் தாக்கும்போது, நீளமானவற்றின் கடைக்கோடிதான் முதலில் வாடுகிறது. அதனால் எரிச்சல் இரண்டு கால்களிலும் ஒரே அளவில், விரல்களில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல் மெதுவாக மேலேறும். உங்கள் எரிச்சல் இந்த வடிவத்தில் இருந்தால், காரணத்தைப் பாதத்தில் தேடுவதைவிட இரத்தத்தில் தேடுவதே சரி.

இந்த வாரம் பார்க்க வேண்டியது

முதல் சந்தேகம் சர்க்கரை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய். அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை உள்ள முந்தைய நிலையிலேயே சிலருக்குப் பாத எரிச்சல் தொடங்கிவிடுகிறது. "எனக்குச் சர்க்கரை இல்லை, எல்லையில்தான் இருக்கிறது" என்பது எரிச்சலுக்குக் காரணமில்லை என்று ஆகிவிடாது.

நம் மாவட்டத்தில் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், ஏற்றவே செய்யும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் மீன் கறியும் நம் ஊரின் நல்ல சாப்பாடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கிழங்கு முழுக்க மாவுச்சத்து. அதைச் சாப்பிடும் வேளையில் சோறு வேண்டாம், கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டிக்கொள்ளலாம். நன்றாகப் பழுத்த ஏத்தன் (நேந்திரம்) பழத்திற்கும் இந்தக் கணக்கே.

அடுத்தது பி12. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது சுமார் 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. சாளை (மத்தி) மீனில் அது தாராளமாக இருக்கிறது. பால், தயிர், முட்டையிலும் உண்டு. காய்கறியிலும் அரிசியிலும் இல்லை. பழஞ்சியில், அதாவது நீரூற்றி வைத்த பழைய சோற்றில், கிடைத்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. எனவே சைவ உணவு மட்டும் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் தினமும் மீன் சாப்பிட்ட என் அம்மாவுக்கும் குறைந்தது ஏனென்றால், உண்பது வேறு, குடல் உறிஞ்சுவது வேறு. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்காகப் பான்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்ற மாத்திரைகளைப் பழக்கமாகவே விழுங்கிவருபவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் உறிஞ்சுதல் குறைகிறது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு தீர ஆண்டுகள் ஆகும் என்பதால் குறைபாடு சத்தமில்லாமல் வருகிறது. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்த்து, குறைந்தால் ஈடுசெய்வதே வழி.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கால் எரிகிறது என்று போனவுடன் "நரம்பு ஊசி" போட்டு அனுப்புவது பல இடங்களில் வழக்கம். அந்த ஊசியில் பி12 இருக்கும். ஊசி போட்ட பிறகு இரத்தம் கொடுத்தால் அளவு உயர்ந்து காட்டும். உண்மையான குறைபாடு மறைந்துபோகும். ஆகவே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த பிறகே ஊசி. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையே என்றால் அறிகுறிகளோடு சேர்த்து மருத்துவர் முடிவு செய்வார். அதேபோல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாக எடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

உள்ளங்கால் எரிச்சல் என்ற இந்த நோய்க்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1826இல் கிரியர்சன் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் 1946இல் இதை விரிவாக விளக்கினார். அதனால் மருத்துவ நூல்களில் இருவர் பெயரையும் சேர்த்தே இது வழங்கப்படுகிறது. வயிறு நிறையச் சோறும் அதோடு வேறெதுவும் இல்லாத தட்டும் அன்று பி குழுமச் சத்துகளின் பஞ்சத்தைக் கொண்டுவந்தன. இன்று அதே பஞ்சத்தைப் பெரும்பாலும் கொண்டுவருவது மது. தினமும் குடிப்பவருக்குக் கால் எரிந்தால், மது நேரடியாகவும் தயமின் என்ற பி1 சத்தைக் குறைத்தும் நரம்பைத் தாக்குகிறது. அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைராய்டு சுரப்பு குறைதல், சிறுநீரகச் செயல் குறைதல் ஆகிய இரண்டையும் அதே இரத்தத்தில் பார்த்துவிடலாம். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை எடுப்பவர்கள் அதனுடன் பி6 தரப்படுகிறதா என்று கேட்க வேண்டும். அதே பி6 சத்தைக் கடையில் வாங்கி அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால் அதுவே எரிச்சலை உண்டாக்கும். தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அது முழுமையாகக் குணமாகக்கூடியது, அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

ஒரு காலில் மட்டும் எரிச்சல், முதுகிலிருந்து இறங்கும் வலி என்றால் நரம்பு எங்கோ அழுந்துகிறது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி அரிப்போடு எரிந்தால் அது சேற்றுப்புண். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பெறும் நம் மாவட்டத்தில், ஈரச் செருப்போடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும் வயலில் நிற்பவர்களுக்கும் இது அதிகம், பூஞ்சைக் களிம்பில் தீரும். ரப்பர் செருப்பின் வார் பட்ட இடத்தில் மட்டும் சிவந்து எரிந்தால் செருப்பை மாற்றிப் பாருங்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது

இரத்தச் சர்க்கரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் எரிச்சலைப் பற்றிச் சொல்லலாம். மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது எரிச்சல் தொடங்கிய மாதம், ஒரு காலா இரண்டு காலா, இரவில் எத்தனை மணிக்கு வருகிறது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் லேகியமும் பஸ்பமும் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் மண்ணில் வர்ம, சித்த வைத்திய மரபு ஆழமானது. முறையாகப் படித்த வைத்தியரிடம் செல்வதில் தவறில்லை. பெயரோ உள்ளடக்கமோ எழுதாத பொட்டல மருந்துகளைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன், ஏனெனில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருந்தால் அவையே நரம்பைக் கெடுக்கும். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். அது பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது, எரிச்சலைச் சுமப்பவை மிகச் சிறிய இழைகள்.

காரணத்திற்கான சிகிச்சையோடு, எரிச்சல் தணிய பிரிகாபலின், கேபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் ஒன்றை மருத்துவர் தரக்கூடும். சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்தை அவற்றில் பல கெடுக்கவும் கூடும். மேலே சொன்ன மருந்துகள் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரலாம் என்பதால், விடியுமுன்பே இருசக்கர வாகனத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் தம் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு: சில நாட்களுக்குள் மரத்துப்போதல் மேலேறிக் கால் பலமிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போதல், ஒரு கால் திடீரென்று வெளிறிக் குளிர்ந்துபோதல், பாதத்தில் கறுத்த அல்லது சீழ் வைத்த புண். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

எரிச்சல் தானாக அடங்கினால்

மருந்தே இல்லாமல் எரிச்சல் ஒருநாள் நின்றுவிட்டால் வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். நரம்பு தேறியும் இருக்கலாம், முற்றிலும் செத்தும் இருக்கலாம். செத்த நரம்பு எரியாது, ஆணி குத்தினாலும் சொல்லாது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு வெறுங்காலோடு ஓடும் நம் சிவாலய ஓட்டத்தில், சர்க்கரை உள்ளவர்கள் புறப்படுமுன் கால் உணர்ச்சியைச் சோதித்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது பக்திக்கு எதிராக அல்ல.

சோதிக்கக் கருவி வேண்டாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, அழுத்தாமலும் தடவாமலும், ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். இரண்டு கால்களிலுமாக ஆறு தொடுதல்கள். தொட்டவுடன் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தல், அடுத்த மருத்துவச் சந்திப்பில் முதல் பேச்சாக இது.

என் அம்மாவுக்கு ஊசியும் பிறகு மாத்திரையுமாகச் சில மாதங்களில் எரிச்சல் பெரும்பாலும் தணிந்தது. கட்டிலிலேயே விடியும்வரை தூங்குகிறார். இடக் காலின் சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டுப் பார்க்கும்போது, அந்த விரலில் ஒவ்வொரு முறையும் அவர் பேசாமல் காத்திருக்கிறார்.