ஃபாக்ஸ்ப்ரோ இருப்பைக் கைபேசியில் காட்ட பிஎச்பி

நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் திருநெல்வேலி டவுண் பலசரக்கு மொத்தக் கடையில் பில்லும் இருப்பும் இன்னும் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில்தான். அதன் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் மென்பொருள் அது பாட்டுக்கு ஓடுகிறது. "அம்பாசமுத்திரம் லைனுக்குப் போற பையன் போன்லயே இருப்பைப் பாக்கணும்டே. பில் போடுற ஸ்கிரீன்ல மட்டும் கைய வச்சிராத" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதே சரியான வடிவமைப்பு: வலைப்பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழி கோப்பைப் படிக்கட்டும், எழுதுவதை ஃபாக்ஸ்ப்ரோவே செய்யட்டும்.

முதலில் கடையின் ஒரு கணினியில் அப்பாச்சி என்ற வலைச் சேவையகமும் பிஎச்பியும் போட்டு, ரூட்டரில் அதற்கு நிலையான ஐபி கொடுங்கள். வேறு நிரல்கள் தரவை எடுக்க உதவும் ஃபாக்ஸ்ப்ரோவின் ஓடிபிசி டிரைவர் 32 பிட் மட்டுமே. 64 பிட் பிஎச்பியால் அதை ஏற்ற முடியாது. டிபேஸ் வகைக் கோப்புகளைப் படிக்கும் பிஎச்பியின் டிபேஸ் நீட்சி 5.3 பதிப்பிலேயே மூலத்தொகுப்பிலிருந்து விலகி பெக்கல் என்ற நீட்சிக் களஞ்சியத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்த வழி, ஃபாக்ஸ்ப்ரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பை பைனரியாகத் திறந்து நாமே படிப்பது. ஐம்பது அறுபது வரியில் முடிகிற வேலை.

பைட்டுகளை 0இலிருந்து எண்ணினால், 4 முதல் 7 வரை பதிவுகளின் எண்ணிக்கை, 8-9இல் தலைப்பின் (கோப்பின் தொடக்கத்தில் வரும் விவரப் பகுதியின்) நீளம், 10-11இல் ஒரு பதிவின் நீளம். மூன்றிலும் குறைந்த மதிப்புள்ள பைட்தான் முன்னால் வரும். 32ஆம் பைட்டிலிருந்து புலங்களின் விவரம், புலத்துக்கு 32 பைட். அதில் 11ஆம் பைட் வகை, 16ஆம் பைட் நீளம். அடுத்த புல விவரம் தொடங்க வேண்டிய இடத்தில் 13 என்ற மதிப்பு வந்தால் புலங்கள் முடிந்தன. பதிவுகள் அதற்கு அடுத்தே தொடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்; விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ நடுவில் இன்னும் 263 பைட் வைத்திருக்கும். தலைப்பின் நீளத்தை நம்பித் தாவுங்கள்.

ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் முக்கியம். அது இடைவெளி என்றால் பதிவு உயிரோடு இருக்கிறது, நட்சத்திரக் குறி என்றால் அழிக்கப்பட்டது. பேக் கட்டளை கொடுக்கும்வரை அழித்த சரக்கும் கோப்பிலேயே கிடக்கும். சாதாரண எண்கள் எழுத்தாகவே இருக்கும். கரன்சி வகையோ 8 பைட் முழு எண், 10,000ஆல் வகுக்க வேண்டும். வத்தல் கிலோ 210.50 ரூபாய் என்றால் உள்ளே இருப்பது 21,05,000.

நேரம் தின்பது தமிழ்ப் பெயர்கள்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். வெல்லம் என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், வகரம் பிறகு. யூனிகோடில் வகரம் முதலில் வர வேண்டும். கொத்தமல்லியின் முதல் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும்; இரண்டையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக்க வேண்டும். சரக்குப் பெயர்கள் சில நூறுதான் என்றால் நிரல் எழுதுவதைவிட ஒரு பட்டியல் போட்டு மாற்றுவதே லாபம்.

பில் மென்பொருள் டிபிஎஃப் கோப்பை எக்ஸ்க்ளூசிவாகத் திறந்திருந்தால் பிஎச்பியால் தொடவே முடியாது. அப்போது கடை அடைத்த பிறகு ஒரு நகல் எடுத்து, அதைப் படியுங்கள். பையன் பார்ப்பது நேற்றைய இருப்பு என்பதைப் பக்கத்தின் தலையில் தேதியோடு போட்டுவிடுங்கள். அசலோ நகலோ, கோப்புகள் அப்பாச்சியின் வெளியீட்டுக் கோப்புறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட்டைத் திறக்காதீர்கள். வயர்கார்ட் போன்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) போதும்.

அப்புறம், பையன் லைனில் எடுக்கும் ஆர்டர். பிஎச்பி நேராக டிபிஎஃப்பில் ஒரு வரி சேர்த்தால் ஃபாக்ஸ்ப்ரோ தேடலுக்கு வைத்திருக்கும் சிடிஎக்ஸ் அட்டவணைக்கு (இண்டெக்ஸ்) அது தெரியாது. அந்த வரி கோப்பில் இருக்கும், பில் போடும்போது தேடினால் அகப்படாது. ஆகவே ஆர்டரைத் தனிக் கோப்புறையில் உரைக் கோப்பாக எழுதுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள்; பாதி எழுதிய கோப்பை மறுபக்கம் எடுத்துவிடாது. பில் மென்பொருளின் மூல நிரல் கையில் இருந்தால், வெளிக் கோப்பிலிருந்து பதிவுகளைச் சேர்க்கும் அப்பெண்ட் ஃப்ரம் கட்டளையோடு மெனுவில் ஒரு புது வரி சேர்த்து உள்ளே இழுக்கலாம். மூலம் இல்லாத கடையில் ஆர்டரை அச்சடித்து பில் போடுபவரிடம் கொடுத்து, அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.