"பார்த்துச் செய்யுங்கள்" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்: ரொறன்ரோவில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

ஸ்காபரோவுக்கு வந்த முதல் டிசம்பரில், பதினொரு ஆண்டு ஓடிய ஒரு சிறிய காரை வாங்கினேன். இரண்டே வாரத்தில் முன்பக்கத்தில் ஓர் இரைச்சல் தொடங்கியது. ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் கராஜுக்குக் கொண்டுபோனேன். "அண்ணை, முன் பிரேக் சரியில்லைப் போலிருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் போனபோது முன் பிரேக் பேட் (அழுத்திப் பிடிக்கும் கட்டை), ரோட்டர் (அது பிடிக்கும் இரும்புத் தட்டு) எல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். 540 டொலர். வாடகைக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மார்க்கம் வீதியில் ஏறி வேகம் அறுபதைத் தொட்டதும் அதே இரைச்சல்.

மறுவாரம் வேறொரு கராஜ். அங்கிருந்த மெக்கானிக் காரின் மூடியைத் திறக்கவே இல்லை, கேள்விகள்தான் கேட்டார். எந்த வேகத்தில் தொடங்குகிறது? பிரேக்கை அழுத்தினால் நிற்கிறதா? வளைவில் கூடுகிறதா, குறைகிறதா? கவனிக்கவில்லை என்றேன். "வாருங்கள், ஓடிப் பார்ப்போம்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். நீண்ட வளைவொன்றில் இடப்பக்கம் திருப்பியபோது இரைச்சல் உரத்தது. வலப்பக்கம் திருப்பியபோது அடங்கியது. "வலப்பக்க வீல் பெயரிங், சக்கரம் சுழல உதவும் பாகம். இடப்பக்கம் வளையும்போது காரின் பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதுதான் கத்துகிறது" என்றார். மொத்தம் பத்து நிமிடம்.

முதல் கராஜ்காரர் என்னை ஏமாற்றியதாக நான் இன்றும் நினைக்கவில்லை. பிரேக் என்று சொன்னேன், பிரேக்கை மாற்றினார். பார்த்துச் செய்யுங்கள் என்றேன், பார்த்துச் செய்தார். ஊரில் தையல்காரரிடமும் சைக்கிள் கடைக்காரரிடமும் சொல்லி வளர்ந்த சொல் அது. அங்கே அவருக்கு நம் அப்பாவைத் தெரியும், நம் வீட்டு வரும்படியும் தெரியும். அந்தச் சொல்லுக்கு அந்தப் பழக்கமே எல்லை போட்டது. இங்கே அதற்கு எல்லை இல்லை. புதிதாக வந்த யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: காரைக் கொடுக்கும்போது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஓசையைச் சொல்லுங்கள், பாகத்தைச் சொல்லாதீர்கள்

ஓசைகளுக்குச் சொல் தேடித் தமிழர் அலைய வேண்டியதில்லை. கறகற, கடகட, டொக்டொக் என்று இரட்டைக்கிளவியாகவே நம் இலக்கணம் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் அந்த ஓசையை வாயாலேயே எழுப்பிக் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம்; இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் கராஜில் அதைத்தான் செய்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் 'கிறீச்' இங்கே ஸ்குவீல். 'கறகற' என்று அரைபட்டால் கிரைண்டிங். குழியில் விழும்போது 'டொக்' என்றால் கிளங்க். ஸ்ரேரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல நகரும்போது 'டிக்டிக்' என்றால் கிளிக்கிங். இவற்றில் கறகற மட்டும் நாளைக்குத் தள்ளக் கூடாதது. பேட் முற்றாகத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் ஓசையாக அது இருக்கக்கூடும்.

மெக்கானிக்குக்கு உதவும் விவரம் இப்படி இருக்கும்: "மூன்று நாளாக, ஓடி எஞ்சின் சூடான பிறகுதான், பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது, முன் வலப்பக்கத்திலிருந்து கிறீச் என்கிறது. போன மாதம் ரயர் மாற்றினேன்." எப்போதிலிருந்து, குளிரிலா சூட்டிலா, என்ன செய்யும்போது, எந்தப் பக்கம், அண்மையில் என்ன வேலை நடந்தது என்ற ஐந்தும் அதற்குள் வந்துவிட்டன. அதைத் தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்தால் இன்னும் நல்லது. நீங்கள் பேசுவது முன்மேசையில் இருப்பவரிடம். காருக்கு அடியில் படுப்பவர் வேறொருவர். வாய்ச்சொல் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். கராஜுக்குப் போனதும் ஓசை அடங்கிவிடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். அதனால் வீட்டிலேயே கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க மழையில் நின்ற கார், காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் உரசினால் கலங்க வேண்டாம். ரோட்டரில் படிந்த மெல்லிய துரு தேய்ந்து போகும் ஓசை அது.

கார் நின்ற இடத்தில் ஈரம் தெரிந்தால் ஓர் அட்டையை இரவில் அடியில் விரித்து வையுங்கள். கறுப்போ கபிலமோ என்றால் எஞ்சின் ஒயில். சிவப்பாக வழுவழுத்தால் பெரும்பாலும் கியர்ப்பெட்டி ஒயில். பச்சை, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு நிறத்தில் இனித்த மணத்தோடு இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற். கோடையில் ஏசி ஓடிய பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீர் ஒரு பிழையும் இல்லை. அந்த அட்டையையே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

முகப்பில் எரியும் விளக்குகளில் சிவப்பு என்றால் ஓரமாக நிறுத்த வேண்டும். ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். மஞ்சள் செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் காட்டலாம், விட்டு விட்டு மின்னினால் ஓடக் கூடாது. பெற்றோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அதே விளக்கு எரியும், முதலில் அதைப் பாருங்கள். கணினியில் வரும் குறியீட்டை மட்டும் வைத்து ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், "இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். பி0420 என்ற குறியீடு வந்ததும் புகையைச் சுத்திகரிக்கும் விலையுயர்ந்த கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். புகைபோக்கிக் குழாயில் ஒரு கசிவு இருந்தாலும் அந்தக் குறியீடு வரலாம்.

எழுதித் தரச் சொல்வது அவமரியாதை அல்ல

நம்மவர் கராஜில்தான் இது நமக்குக் கடினமாகிறது. அண்ணை என்று அழைத்துவிட்டு எப்படி விலை எழுதிக் கேட்பது? ஒருமுறை என்னோடு வந்த தம்பி ஒருவர், தேநீர் தந்து உபசரித்தவரிடம் எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) கேட்க வாய் வராமல் நின்றார். நான் கேட்டேன். கராஜ்காரர் முகம் சுளிக்கவில்லை. மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக் கொடுத்துப் பழகியவருக்கு அது அன்றாட வேலை. கேட்டதற்காகக் கோபிப்பவர் என்றால் அதை வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. எனக்குக் கைகொடுத்த வாக்கியம் இது: "அண்ணை, எவ்வளவு வரும் என்று எழுதித் தாருங்கள். வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்கிறேன்." யாருக்கும் இதில் மனம் நோகாது. ஆங்கிலக் கடையில் 'ரிட்டன் எஸ்டிமேட்' என்ற இரண்டு சொற்கள் போதும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்த வேலைக்கென்றே தனிப் பகுதி உண்டு. எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். வேண்டாம் என்று நீங்களே சொன்னால், இந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்சவரம்பை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் எழுதியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. என்ன வேலை, எந்தெந்தப் பாகம், அது புதியதா பழையதா திருத்தியெடுத்ததா, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எஸ்டிமேட் தயாரிக்கவே கட்டணம் என்றால் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த வேலையை அங்கேயே செய்யச் சொன்னால் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது. எழுதிய தொகையில் 13 சதவீத விற்பனை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 600 என்று கேட்டு மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள், கட்டும்போது 678 ஆகிவிடும்.

கார் உள்ளே இருக்கும்போது மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "கழற்றிப் பார்த்தோம், இதுவும் போயிருக்கிறது, அதுவும் போயிருக்கிறது, செய்துவிடட்டுமா?" வேலையிடத்தில் மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டு நிற்பார், அவசரத்தில் சரி, சரி என்று சொல்லிவிடுவோம். அவர்கள் கண்டுபிடித்தது முழு உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் மூச்சு விட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எதைச் செய்யாமல் ஓடினால் ஆபத்து? எதை மூன்று மாதம் தள்ளலாம்? எதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, தொகையைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை விரும்புவார். தேய்ந்த பாகத்தின் படத்தையும் அனுப்பிவைப்பார்.

மாற்றிய பழைய பாகங்கள் உங்களுக்கு உரியவை. வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய சில பாகங்கள் மட்டும் விலக்கு. நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, ஆனால் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். தேய்ந்த பேட்டைப் புதியதன் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தவருக்கு, அடுத்த தடவை யாரும் விளக்க வேண்டியதில்லை. போட்ட பாகத்துக்கும் அதன் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ஒயில், வடிகட்டி, மின்குமிழ், ரயர், பற்றறி இதில் சேரா.

பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுத்தால் வரியைக் கழித்துக்கொள்வதாகச் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்த உத்தரவாதத்தைக் கேட்க உங்கள் கையில் எதுவும் இல்லை. தொகையில் தகராறு வந்தால் காரைக் கட்டணம் கட்டும்வரை வைத்திருக்கக் கராஜுக்கு உரிமை உண்டு. ஆகவே சண்டை போட்டுக் காரை அங்கேயே விட்டு வருவதைவிட, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு, மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுங்கள்.

பனியும் உப்பும்

நம் ஊரில் காருக்கு எதிரி வெயிலும் புழுதியும். இங்கே வீதியில் கொட்டும் உப்பு. நவம்பர் முதல் அது அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு பிரேக் குழாய்களையும் இணைப்புகளையும் அரிக்கிறது. இலையுதிர் காலத்தில் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும், குளிர் சற்றுத் தணியும் நாள்களில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுவதும் வீண் செலவு அல்ல. பிரேக்கின் அசையும் பாகங்கள் உப்பில் இறுகிப்போவதால், ஆண்டுக்கொருமுறை கழற்றித் துப்புரவாக்கி கிறீஸ் போடுவதை இங்கே 'பிரேக் சேவிஸ்' என்பார்கள். அது தேவையான வேலைதான்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் கோடை ரயரின் றப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கு பதிவான கார்களுக்கு வின்ரர் ரயர் கட்டாயம். இங்கே ரொறன்ரோவில் கட்டாயமில்லை என்பதால் பலர் முதல் ஆண்டு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த அடையாளம் ரயரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு; 2016 முதல் ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் அதைத் தரக் கடமைப்பட்டவை. கேட்டு வாங்குங்கள். பழைய வின்ரர் ரயர் வாங்கினால் தவாளிப்பின் (மேற்பரப்புப் பள்ளத்தின்) ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ரயரில் எழுதியிருக்கும் எண் அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண். குளிர் கூடக் கூட அழுத்தம் இறங்கும், மாதமொருமுறை பாருங்கள். பற்றறி நாலைந்து ஆண்டு ஓடியிருந்தால் ஒக்டோபரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மைனஸ் இருபதில் காலை ஐந்து மணி வேலைக்குப் புறப்படும்போதுதான் அது கைவிடும்.

வாங்கும் முன்

தெரிந்தவர் விற்கிறார் என்று கார் வாங்குவோர் 'சேஃப்ரி' (பாதுகாப்புச் சான்றிதழ்) இருக்கிறது என்ற ஒரு சொல்லில் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். சோதித்த நாளில் மிகக் குறைந்த பாதுகாப்புத் தரத்தில் கார் இருந்தது என்பதைத் தவிர அது வேறொன்றும் உறுதி செய்வதில்லை. எஞ்சின் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. விற்பவருக்குத் தொடர்பில்லாத கராஜில் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கீழே நின்று பாருங்கள். கனடா போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காரின் பெயரையும் ஆண்டையும், உற்பத்தியாளரிடம் 17 இலக்க வாகன எண்ணையும் கொடுத்து, திருத்துவதற்காக நிறுவனம் கார்களைத் திருப்பி அழைத்த குறைபாடு ஏதும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிறுவனத்தின் டீலர் இலவசமாகத் திருத்தித் தருவார்.

முன் பெட்டியில் ஒரு சிறு கொப்பி வையுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த தொகை. என் கொப்பியில் முதல் பக்கம் அந்த 540 டொலர். அதன் கீழே வலப்பக்க பெயரிங். ரயர் மாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இன்னொரு வரியும் இருக்கும்: "100 கிலோமீற்றருக்குள் நட் இறுக்கியாயிற்று." சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு நட்டுகள் தளரக்கூடும். திரும்பப் போனால் பெரும்பாலான கராஜ்களில் காசு வாங்காமலே இறுக்கித் தருவார்கள்.